ஒலியும் ஒளியும் உடைமையும்: அமெரிக்க பேஸ்போல் இறுதிநிலைப் போட்டிகளின் ஒலி, ஒளிபரப்பு வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

விளையாட்டுப் போட்டிகளின் ஒலிபரப்பு இலக்கிய ஆய்வாளரின் கவனத்துக்கு உரியதா என்ற வினா எழக்கூடும். கைலாசபதி 1968 இல் வெளியிட்ட ஆங்கில நூலில் தமிழ் வீரயுகப் பாடல்களை வாய்மொழி மரபின் ஒளியில் ஆராய்ந்தார். அதன் பின் வாய்மொழி எடுத்துரைப்பு என்பது நம்மவர்க்குப் புதிய பொருளன்று. எனினும் இருபதாம் நூற்றாண்டில் மிகப் பரவலாகக் கேட்கப்பட்ட வாய்மொழி எடுத்துரைப்பு வடிவங்களுள் ஒன்றாகிய நேர்முக வர்ணனையை நமது விமர்சனம் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. கிரிக்கெற் வர்ணனை கேட்டு வளர்ந்தோர் நம்மிடையே பலர் இருந்தும் நிலைமை இதுவேயாகும்.

இக்கட்டுரையில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பேஸ்போல் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறோம். நீண்ட பருவகால ஆட்டங்கள் முடிந்தபின், முன்னணி அணிகள் ஒக்ரோபர் மாதத்தில் மோதும் இறுதிநிலைப் போட்டிகளும், அவற்றின் உச்சமான உலகத் தொடரும் வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் வளர்ச்சியோடு பிரிக்கமுடியாதவாறு பிணைந்தவை. இப்பிணைப்பை விளக்க இரு நோக்குகள் உள்ளன. ஒன்று, வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் தேசத்தை ஒன்றிணைத்தன என்ற தாராண்மைவாதப் புகழுரை. மற்றையது, இவையனைத்தும் முதலாளித்துவம் மக்களுக்கு ஊட்டிய மயக்கமருந்து என்ற யாந்திரிக நோக்கு. முன்னது உடைமையை மறைக்கின்றது. பின்னது மக்களை மறக்கின்றது. மக்கள் கூடிக் கேட்ட ஓர் அனுபவம் எவ்வாறு தனியுடைமையாயிற்று, அதனுள்ளும் மக்கள் எதனைத் தமதாக்கிக்கொண்டனர் என்பதே எமது வினா.

2

வானொலிக்கு முன்னரே உலகத் தொடருக்கு மைதானத்துக்கு வெளியே பார்வையாளர் இருந்தனர். பத்திரிகை அலுவலகங்களின் முன்னால் தெருவில் மக்கள் திரண்டு நிற்பர். தந்தி வழியே வரும் செய்தி பெரிய பலகையில் குறிக்கப்படும். ஆட்டத்தைக் காணாமலே கூட்டாக அனுபவிக்கும் வழக்கம் இவ்வாறு முன்பே உருவாகியிருந்தது. தொழில்நுட்பம் தானாகவே சமூகத்தை மாற்றுவதில்லை. ஏற்கெனவே உருவான சமூகத் தேவைகளும் நோக்கங்களுமே அதன் வளர்ச்சியை நெறிப்படுத்துகின்றன என்று றேமண்ட் வில்லியம்ஸ் தொலைக்காட்சி பற்றிய தமது 1974 ஆம் ஆண்டு நூலில் வாதிட்டார். அதற்குத் தக்க சான்று இது.

1921 ஓகஸ்ற் 5 ஆம் திகதி பிற்ஸ்பேர்க் நகரின் கே.டி.கே.ஏ. நிலையத்திலிருந்து ஹரல்ட் ஆர்லின் முதன்முதலாகப் பெருங்கழக ஆட்டமொன்றை வர்ணித்தார். அவ்வாண்டின் உலகத் தொடரை நியூவார்க் நகரிலிருந்து ஒலிபரப்பிய ரொமி கொவன் ஆட்டத்தைப் பார்க்கவேயில்லை. நியூயோர்க் மைதானத்திலிருந்து பத்திரிகையாளர் ஒருவர் தொலைபேசியிற் சொல்வதைக் கேட்டு அதனையே அவர் மீளச் சொன்னார். 1922 இல் விளையாட்டு எழுத்தாளர் கிறான்ற்லண்ட் றைஸ் மைதானத்திலிருந்தே பேசினார். 1923 இல் கிறஹாம் மக்னமி வந்தார். அவர் பயிற்சிபெற்ற பாடகர். ஆட்டத்தின் நுணுக்கங்களில் வல்லவரல்லர். மைதானத்தில் நடந்தது ஓர் ஆட்டம், மக்னமி வர்ணித்தது வேறோர் ஆட்டம் என்று எழுத்தாளர் றிங் லார்ட்னர் எள்ளியதாகச் சொல்வர்.

இவ்வெள்ளலில் ஓர் அழகியல் உண்மை பொதிந்துள்ளது. பேஸ்போல் ஆட்டத்தில் பந்து அசையும் நேரத்திலும் அசையாத நேரமே அதிகம். அந்த இடைவெளியை வானிலை, கூட்டத்தின் ஆரவாரம், பந்தெறிவாளரின் முகக்குறி ஆகியவற்றால் மக்னமி நிரப்பினார். கேட்போர் காணாத ஒன்றைச் சொல்லால் காணச்செய்வது அவரது தொழில். அவ்வகையில் வர்ணனையாளர் நிகழ்ச்சி நடக்கும்போதே அதனைக் கதையாக்கும் புதுவகைக் கதைசொல்லியாவார். ஆனால் பழைய பாணனுக்குப் புரவலன் ஒருவன் இருந்ததுபோல இவருக்கும் புரவலர் இருந்தனர் என்பதை மறக்கலாகாது.

3

தொடக்க ஆண்டுகளில் உலகத் தொடரை ஒலிபரப்ப உரிமைக் கட்டணம் இருக்கவில்லை. வானொலி கேட்பவர் மைதானத்துக்கு வரமாட்டார் என்று அணி உடைமையாளர்கள் அஞ்சினர். நியூயோர்க்கின் மூன்று அணிகளும் 1934 முதல் 1938 வரை தமது பருவகால ஆட்டங்களின் ஒலிபரப்பையே தடைசெய்திருந்தன. ஆயினும் அதே 1934 இல் ஆணையாளர் லாண்டிஸ் உலகத் தொடரின் வானொலி அனுசரணையை ஃபோர்ட் மோட்டார் கம்பனிக்கு ஆண்டுக்கு 100,000 டொலர் வீதம் விற்றார். காற்றில் இலவசமாக வந்த குரல் அவ்வாண்டில் பண்டமாயிற்று.

பண்டமாதலின் விளைவு குரலின் உள்ளடக்கத்திலும் தெரிந்தது. 1934 ஆம் ஆண்டுத் தொடரில் நடுவர்களின் தீர்ப்புகளைக் குறைகூறிய வர்ணனையாளர் ரெட் ஹியூசிங், 1935 ஆம் ஆண்டுத் தொடரில் வர்ணிக்க லாண்டிஸால் தடைசெய்யப்பட்டார். விற்கப்படும் பொருளைப் பற்றி விற்பவன் அனுமதிப்பதையே பேசலாம் என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. 1939 இல் ஜில்லெற் சவரக்கத்திக் கம்பனி அனுசரணையைப் பெற்றது. அதுவரை பல வலையமைப்புகளில் ஒரே வேளையில் ஒலித்த தொடர் அவ்வாண்டு முதல் மியூச்சுவல் எனும் ஒரே வலையமைப்புக்கு உரியதாயிற்று.

1947 இல் உலகத் தொடர் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் வந்தது. நியூயோர்க், பிலடெல்பியா, வொஷிங்டன், ஸ்கெனெக்ரடி ஆகிய நகர்ப்பகுதிகளுக்கே அது எட்டியது. பார்த்தோர் ஏறத்தாழ 39 இலட்சம் பேர். அவர்களுட் பெரும்பாலோர் வீட்டிலன்றி மதுச்சாலைகளிலேயே பார்த்தனர். பீர் வடிசாலையொன்று 100,000 டொலர் தர முன்வந்தது. மதுபானக் கம்பனியின் அனுசரணை ஆட்டத்தின் நற்பெயருக்கு ஒவ்வாது என ஆணையாளர் சான்ட்லர் அதனை மறுத்து, ஃபோர்ட், ஜில்லெற் கம்பனிகளிடம் 65,000 டொலருக்கு உரிமையை வழங்கினார். மதுச்சாலையிற் கூடிய தொழிலாளருக்கு மதுவின் பெயர் மறைக்கப்பட்ட காட்சி அளிக்கப்பட்டது. உலகத் தொடரில் ஆடிய முதலாவது கறுப்பினத்தவரான ஜக்கி றொபின்சனைத் திரையில் கண்டதும் இக்கூட்டமே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

1950 ஆம் ஆண்டின் இறுதியில் ஆறாண்டு உரிமை 60 இலட்சம் டொலருக்கு ஜில்லெற்றுக்கு விற்கப்பட்டது. இப்பணம் ஆட்டக்காரரின் ஓய்வூதிய நிதிக்கெனக் குறிக்கப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. திரையில் காணப்படும் உழைப்பின் விலையில் உழைப்பாளிக்கும் பங்குண்டா என்ற வினா இதனோடு பிறந்தது. 1966 இல் உருக்குத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்த மார்வின் மில்லர் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைமையை ஏற்றார். 1972 இல் நடந்த முதலாவது பொது வேலைநிறுத்தம் ஓய்வூதியத்தை மையமாகக் கொண்டே எழுந்தது; அது 13 நாள் நீடித்தது. ஒளிபரப்பின் வரலாறு வர்க்க முரண்பாட்டின் வரலாறாகவும் அமைவதை இங்குக் காண்கிறோம்.

4

1969 இல் ஒவ்வொரு கழகமும் இரு பிரிவுகளாக்கப்பட்டதோடு, உலகத் தொடருக்கு முன்னர் இன்னொரு சுற்று இறுதிநிலைப் போட்டி தோன்றியது. ஒக்ரோபரில் விற்கத்தக்க ஆட்டங்கள் பெருகின. 1971 ஒக்ரோபர் 13 ஆம் திகதி உலகத் தொடரின் முதலாவது இரவு ஆட்டம் பிற்ஸ்பேர்க்கில் நடந்தது. அதனைப் பார்த்தோர் ஏறத்தாழ 6 கோடியே 10 இலட்சம் எனக் கணக்கிடப்பட்டது.

இரவு ஆட்டத்தை வர்த்தகச் சூழ்ச்சி என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. பகலில் ஆட்டம் நடந்த காலத்தில் தொழிற்சாலையில் நின்ற தொழிலாளியும் பாடசாலையில் இருந்த பிள்ளையும் அதனைப் பார்த்திருக்க முடியாது. இரவு அவர்களுக்கு ஆட்டத்தைத் தந்தது. ஆனால் விளம்பர விலை உச்சமாகும் நேரத்துக்கு ஆட்டம் முழுவதும் நகர்த்தப்பட்டபோது, கிழக்குக் கரையில் அது நள்ளிரவை எட்டியது, பிள்ளை உறங்கிப்போனது. 1985 இல் தொடரின் அனைத்து ஆட்டங்களும் இரவில் நடந்தன. கடைசிப் பகல் ஆட்டம் 1987 இல் நடந்தது. அதுவும் கூரையிட்ட அரங்கினுள்ளேயே ஆடப்பட்டது. ஒரே மாற்றம் முதலில் விரிவையும் பின்னர் விலக்கலையும் தோற்றுவித்தமை இயங்கியல் அறிந்தோர்க்கு வியப்பளிக்காது.

மக்கள் இதனைச் செயலற்றுப் பார்த்திருக்கவில்லை. 1980 இல் பிலடெல்பியா அணி உலகத் தொடரை வென்றபோது, வலையமைப்பின் தனியுரிமை காரணமாக அவ்வணியின் சொந்த வர்ணனையாளர்கள் அதனை வானொலியில் வர்ணிக்க அனுமதிக்கப்படவில்லை. பருவம் முழுவதும் கேட்ட ஹரி கலஸின் குரல் இறுதிக் கணத்தில் தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து நகர மக்கள் குரலெழுப்பினர். அடுத்த ஆண்டே விதி மாறியது. தேசியக் குரலுக்கு எதிராக ஊர்க்குரலை மீட்டெடுத்த இச்சிறு வெற்றி, கேட்போர் வெறும் நுகர்வோரல்லர் என்பதை நிறுவுகின்றது.

அதற்கு முன்பே, 1971 உலகத் தொடரின் இறுதியில், வெற்றிக்களிப்பில் இருந்த உடைமாற்றறையில் றொபேட்டோ கிளமென்ரே தொலைக்காட்சி நேரலையில் ஆங்கிலத்தை நிறுத்தி, போட்டோ றிக்கோவிலிருந்த தமது பெற்றோருடன் ஸ்பானிய மொழியில் பேசினார். சில வினாடிகளே நீடித்த நிகழ்ச்சி அது. ஆயினும் ஸ்பானிய மொழி பேசுவோர்க்கு அது தொடரின் வெற்றியிலும் பெரிதாயிற்று. தனியுடைமைச் சாதனத்தினுள்ளும் ஒடுக்கப்பட்டோர் தமது குரலைப் பதிக்கும் இடைவெளி உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பின்னைய வளர்ச்சியைச் சுருக்கமாகக் கூறலாம். 1990 முதல் நான்காண்டு உரிமைக்கு சி.பி.எஸ். நிறுவனம் 100 கோடி டொலருக்கு மேல் ஈந்து பெருநட்டம் அடைந்தது. 1994 இல் உடைமையாளர்கள் சம்பள உச்சவரம்பை வற்புறுத்தியமையால் எழுந்த வேலைநிறுத்தத்தில் உலகத் தொடரே கைவிடப்பட்டது. 1995 இல் பல ஆட்டங்கள் ஒரே வேளையில் நடத்தப்பட்டு, ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒன்று மட்டுமே காட்டப்பட்டது. 2007 முதல் இறுதிநிலைப் போட்டிகளுள் ஒரு பகுதி கட்டணத் தொலைக்காட்சிக்கு உரியதாயிற்று.

5

இறுதியாக, நினைவு யாருடையது என்ற வினா எஞ்சுகின்றது. 1951 ஒக்ரோபர் 3 ஆம் திகதி நியூயோர்க் ஜயன்ற்ஸ், புறூக்ளின் டொட்ஜர்ஸ் அணிகள் சமநிலையை முறிக்கும் மூன்றாவது ஆட்டத்தில் மோதின. பொபி தொம்சனின் இறுதி அடி ஜயன்ற்ஸுக்கு வெற்றியளித்தது. நாட்டின் இரு கரைகளுக்கும் நேரலையாக எட்டிய முதலாவது பேஸ்போல் தொடர் அதுவேயாகும். தொலைக்காட்சியில் எர்ணி ஹார்வெல் வர்ணித்தது பதியப்படவில்லை, அது மறைந்தது. வானொலியில் றஸ் ஹொட்ஜஸ் தன்னை மறந்து எழுப்பிய கூச்சலை இன்றும் கேட்கிறோம். அதனைக் காத்தது நிலையமன்று. புறூக்ளினில் ஒரு நேயரின் வீட்டில் ஓடிய ஒலிப்பதிவு நாடா.

1960 ஆம் ஆண்டு உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் ஒளிபரப்பும் நெடுங்காலம் தொலைந்ததாகவே கருதப்பட்டது. 2009 இல் அதன் படச்சுருள் பாடகரும் பிற்ஸ்பேர்க் அணியின் பங்குடைமையாளருமான பிங் குறொஸ்பியின் வீட்டு மதுரச நிலவறையில் கண்டெடுக்கப்பட்டது. தாம் பின்னர் பார்ப்பதற்காக அவர் சொந்தச் செலவிற் பதிவுசெய்வித்தது அது. 1969 இன் பின்னான பல இறுதிநிலைப் போட்டிகளின் நாடாக்களையோ வலையமைப்புகள் அழித்து வேறு நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்தின. உரிமைக்காக இலட்சக்கணக்கில் வழங்கியோர்க்கு, விளம்பரம் ஒளிபரப்பானபின் அப்பண்டம் பயனற்றதாயிற்று.

பரிமாற்றப் பெறுமதி தீர்ந்த இடத்தில் பயன்பெறுமதி தொடங்கியது. கோடிக்கணக்கானோர் ஒருசேரக் கேட்டதும் கண்டதும் ஒரு நேயரின் வீட்டிலும் ஒரு செல்வரின் நிலவறையிலும் தற்செயலாகத் தப்பிப் பிழைத்தன. பொதுமக்களின் அனுபவத்துக்குப் பொதுக்காப்பகம் இல்லாத சமூகத்தில் வரலாறு இத்தகைய தற்செயல்களையே நம்பியிருக்க நேரும். வெகுசனப் பண்பாட்டை ஆராயப் புகுவோர் அதன் உள்ளடக்கத்தை மட்டுமன்றி, அதனை யார் விற்றனர், யார் காத்தனர், யார் அழித்தனர் என்பவற்றையும் வினவுதல் வேண்டும். அவ்வினாக்களின்றி வர்ணனையின் அழகியலை மதிப்பிடுதல் முழுமையான விமர்சனமாகாது.