படம் கிடைத்துவிட்டால் கேள்வி தீர்ந்ததா?

நார்போர்னைல் அயனிச் சண்டையைப் பலர் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லி முடிக்கிறார்கள்: 2013-இல் படிக அமைப்பு வந்தது, வின்ஸ்டைன் ஜெயித்தார், பிரவுன் தோற்றார். எனக்கு இது உறுத்துகிறது.

சண்டை தொடங்கியது வடிவத்தில் இல்லீங்க, வேகத்தில். 1949-இல் வின்ஸ்டைனும் டிரிஃபனும் அளந்தபோது, அசெட்டிக் அமிலத்தில் எக்ஸோ புரோசிலேட், எண்டோவைவிட 350 மடங்கு வேகமாக வினைபுரிந்தது. பக்கத்துப் பிணைப்பு எலக்ட்ரான் கொடுத்து எக்ஸோவுக்கு உதவுகிறது என்பது வின்ஸ்டைன் விளக்கம். எக்ஸோ ஒன்றும் வேகமில்லை, இடநெருக்கடியில் எண்டோதான் மெதுவாகப் போகிறது என்பது பிரவுன் வாதம்.

40 கெல்வினில் எடுத்த படம், உருவாகி முடிந்த அயனியைக் காட்டுகிறது. அது ஒரே பாலவடிவம். இரண்டு அயனிகள் மாறிமாறிப் புரள்வதல்ல. அதில் பிரவுன் தோற்றார், சரி. ஆனா வேகத்தைத் தீர்மானிப்பது அதற்கு முந்தைய டிரான்சிஷன் ஸ்டேட். அதைப் படிகமாக்க முடியாது. அந்தப் பாதிக் கேள்விக்கு இந்தப் படத்தைப் பதிலாகக் காட்டாதீங்க.