தயிர்க் கிருமியும் இரத்தக் கொழுப்பும்

ஜாலான் புசாருக்கு அருகே பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என இரு தெருக்கள் உள. கெர்பாவ் என்றாலும் மலாயில் எருமைதான். மாட்டுத்தொழில் அவ்விடம் விட்டகன்று பல்லாண்டாயின. தயிர் மட்டும் அகலவில்லை. அத்தயிரின் கிருமிகள் இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலைக் குறைக்கும் என்பர். இதை நம்பி மாத்திரையைக் கைவிட நினைப்போரும் இருக்கலாம். ஆதலின் இக்கூற்றை ஆராய்தல் வேண்டும்.

மாசாய் மக்கள் புளித்த பாலை மிகுதியாகப் பருகியபோது எடை கூடியும் கொலஸ்டிரால் குறைந்ததென 1974-இல் மான், ஸ்போரி இருவரும் எழுதினர். 1985-இல் கில்லிலாண்டு குழுவினர், அசிடோபிலஸ் கிருமி சோதனைக் குழாயில் கொலஸ்டிராலை உட்கொள்வதாக அறிவித்தனர். பின்னர்க் கட்டுரைகள் பெருகின. முறை பெரும்பாலும் ஒன்றே: பாற்பொருளிலிருந்து கிருமியைப் பிரித்து, குழாயில் வளர்த்து, மிஞ்சிய கொலஸ்டிராலை அளப்பது.

இங்கேதான் இடறல். 1993-இல் கிளாவர், வான் டெர் மீர் என்போர் வேறொன்றைக் காட்டினர். கிருமி பித்த உப்பை உடைக்கிறது; அது சுரக்கும் அமிலத்தில் உடைந்த பித்தம் கரையாது படிகிறது; கொலஸ்டிராலும் அதனோடு சேர்ந்து அடியில் இறங்குகிறது. உண்டதென எண்ணியது வண்டலே! சிறுகுடலில் அவ்வளவு புளிப்பு நிலவுவதில்லை. புளிப்பைக் கட்டுப்படுத்தாது விழுக்காடுகளை அடுக்கும் கட்டுரையை எங்ஙனம் ஏற்பது?

அதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடலாகாது. உடைந்த பித்தம் மலத்தோடு கழிந்தால், புதுப் பித்தம் ஆக்க ஈரல் கொலஸ்டிராலைச் செலவிடும். 2012-இல் வெளியான சோதனையொன்றில் ரியூட்டரிக் கிருமி சேர்த்த தயிர், 114 பேரிடம் 6 வாரம் சோதிக்கப்பட்டது. தீய கொலஸ்டிரால் ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்தது. நல்ல செய்திதான். எனினும் அது பொறுக்கியெடுத்த ஒரு குலத்தின் வேலை. வீட்டு உறையில் எக்கிருமி எத்தனை என எண்ணியவர் யார்? ஸ்டாட்டின் மாத்திரையோ 30 முதல் 50 விழுக்காடு வரை குறைக்க வல்லது.

நிற்க. தொன்றுதொட்டு உண்பதால் தீங்கற்றது என்பது பாதி வாதமே. ஒவ்வொரு குலத்தின் மருந்தெதிர்ப்பையும் சோதிக்க வேண்டுமென 2002-இலேயே உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் கூட்டிய குழு கூறியது. 2008-இல் நெதர்லாந்தில் கடும் கணைய அழற்சியுற்றோர்க்குக் கிருமிக்கலவை கொடுத்துப் பார்த்தனர். கலவை பெற்றோரில் 16 விழுக்காட்டினர் மாண்டனர். வெற்றுமருந்து பெற்றோரில் 6 விழுக்காட்டினரே. நலமுள்ளவர் தயிருண்ண இதனால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சிவப்பணுவைச் சிதைக்கவில்லை என்ற ஒன்றைக் கண்டதும் 'பாதுகாப்பானது' என முத்திரையிடும் ஆய்வாளர், அக்கிருமியை நோயாளியின் வாய்க்கு அனுப்பும் முன் இன்னும் பல சோதனைகளைக் கடந்தாக வேண்டும்.