உடன்போக்கின் களம்: பாலைத் தேர்வு பற்றிய ஒரு நோக்கு

சங்க அகப்பாடல்களுள் உடன்போக்குப் பற்றிய செய்யுள்களை, பண்டைத் தமிழ்ப் பெண் தன் துணையைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை பெற்றிருந்தாள் என்பதற்குச் சான்றாகக் காட்டும் மரபு நம் திறனாய்விலே நெடுங்காலமாக உண்டு. பெற்றோர் வரைவுக்கு உடன்படாதவிடத்துத் தலைவி தான் விரும்பியவனுடன் ஊரைவிட்டு நீங்குகிறாள். உலகம் அதனை ஏற்றுக்கொள்கிறது என்பது அக்கருத்தின் சாரம். இது முற்றாகத் தள்ளத்தக்கதன்று. ஆயின், அவ்வுரிமை எந்த இடத்திலே செயற்படுவதாகப் புலவர் காட்டினர் என்ற வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும். அவர் தேர்ந்த களம் பாலை. அத்தேர்வின் பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு முரணைக் கவனித்தல் தகும். பாலைக்குரிய உரிப்பொருள் பிரிவு. உடன்போக்கிலோ காதலர் இருவரும் ஒருங்கே செல்கின்றனர். கூடிச் செல்வாரைப் பிரிவின் நிலத்திலே நிறுத்தியது எங்ஙனம்? தொல்காப்பியம் 'கொண்டுதலைக்கழிதல்' எனக் குறிக்கும் இந்நிகழ்வு தலைவி தன் தமரைப் பிரிதலாதலின் பாலையின்பாற்படும் என அமைதி கூறலாம். இலக்கண வரம்புக்கு அது போதும். கவிதையின் பொருளை விளக்க அது போதாது.

களவுக்காலத்துக் களங்களோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். தொல்காப்பியக் களவியலின்படி இரவுக்குறி மனையிலுள்ளார் பேச்சுக் கேட்கும் எல்லைக்குள் அமைவது. பகற்குறி மனைக்குப் புறத்தே, தலைவி அறிந்து வந்து சேரக்கூடிய இடத்தில் அமைவது. இரண்டும் அவளுக்குப் பழகிய இடங்கள். தினைப்புனமும் பொழிலும் கானலும் அவளுடைய தமரின் நிலங்களே. களவிலே தலைவன்தான் அயலான். உடன்போக்கில் இந்நிலை தலைகீழாகிறது. தலைவி தான் அறியாத வழியிலே, வழியறிந்தவன் ஒருவனை நம்பி நடக்கிறாள்.

இனி, பாலை எத்தகைய நிலம்? முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் ஆகிய நான்குக்கும் தெய்வம் கூறிய தொல்காப்பியர் பாலைக்குத் தெய்வம் கூறவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலால் இயல்பு திரிந்தபோது பாலை தோன்றுகிறது எனச் சிலப்பதிகாரம் விளக்கும். தனிநாயக அடிகள் தமது 1952ஆம் ஆண்டு நூலிலே சங்கப் பாடல்களின் இயற்கையுணர்வை விரிவாக எடுத்துக்காட்டினார். பேராசிரியர் கா. சிவத்தம்பி 1974இல் வெளியிட்ட திணைக் கோட்பாடு பற்றிய கட்டுரையிலே, திணைகளின் பின்னணியிலுள்ள சமனற்ற பொருளாதார வளர்ச்சியைச் சுட்டினார். இவ்விரு நோக்குகளையும் இணைத்துப் பார்க்கும்போது, பாலை வெறும் வெம்மையின் குறியீடன்று என்பது புலனாகிறது. வேட்டையாலும் ஆறலைத்தலாலும் வாழும் எயினரும் மறவரும் அங்கு உளராயினும், தலைவியின் தமருக்கோ தலைவனின் தமருக்கோ அந்நிலத்தின்மேல் ஆணை இல்லை. இரு வீடுகளுக்கும் இடையே, இரண்டையும் சாராது கிடப்பது அதுவே.

இதனாலேயே உடன்போக்கை ஏற்கும் குரல்கள் சுரத்திடையே எழுகின்றன. கலித்தொகை 9ஆம் பாடலில் மகளைத் தேடிச் செல்லும் செவிலி, வெயிலுக்குக் குடைபிடித்து வரும் முக்கோல் அந்தணரை வினவுகிறாள். சந்தனம் பிறந்த மலைக்கும், முத்துப் பிறந்த கடலுக்கும், இசை பிறந்த யாழுக்கும் அவற்றால் பயனில்லாதவாறு போன்றதே மகளின் நிலையும் எனக் கூறி, அவள் சென்ற வழியும் அறவழியே என்கின்றனர் அவர். குறுந்தொகை 7ஆம் பாடலில் வில்லேந்திய இளைஞனையும் அவனுடன் செல்லும் பெண்ணையும் கண்டு இரங்குவோர் வழிப்போக்கர். இச்செயலால் இழப்பதற்கு எதுவுமற்றவரே இதனை ஏற்கின்றனர். ஊரிலே அலர் எழுகிறது. மனையிலே தாய் புலம்புகிறாள்.

சுரத்தின் கொடுமை எல்லாப் பாடல்களிலும் ஒரே அளவினதன்று. பாலை பாடிய பெருங்கடுங்கோவின் நற்றிணை 9ஆம் பாடலில், நிழல் கண்டவிடத்துத் தங்கியும் மணல் கண்டவிடத்து விளையாடியும் வருந்தாது வருமாறு தலைவன் கூறுகிறான். வழியிலே குயில் கூவும் பொழில்களும் சிற்றூர்கள் பலவும் உள என்கிறான். இதனைக் கொண்டு பாலையும் இனிய நிலமே எனத் துணிதல் பொருந்தாது. இது தலைவன் கூற்று; அஞ்சி நடப்பவளைத் தேற்றும் பேச்சு. கூறுவோன் யாரென நோக்காது நிலவருணனையை மட்டும் பிரித்தெடுப்பது அகப்பாடலை அறியும் முறையன்று.

தலைவியின் நிலையை அறிய அவள் காற்சிலம்பைத் தொடர்தல் வேண்டும். மணத்துக்கு முன் சிலம்பைக் கழிக்கும் சடங்கு அக்காலத்து வழங்கியது. குறுந்தொகை 7இல் சுரத்திடை நடப்பவளின் அடியிலே சிலம்பு இன்னும் உளது. மணம் நிகழவில்லை என்பதைக் கண்டோர் அதனால் உணர்கின்றனர். கயமனாரின் நற்றிணை 12ஆம் பாடலிலோ, தயிர் கடையும் ஒலி எழும் விடியற்காலையில் அவள் தானே சிலம்பைக் கழற்றி, தன் பந்தோடு வைத்துவிட்டுப் புறப்பட முனைகிறாள். அவற்றைக் காணுந்தோறும் ஆயத்தார் நோவரே என நினைக்க, உடன்வர விரும்பியும் அவள் கண்கள் தம்மையறியாது கலுழ்கின்றன. ஐங்குறுநூற்று 399ஆம் செய்யுளில் நற்றாய், சிலம்புகழி நோன்பு தலைவன் மனையில் நிகழினும் வதுவையேனும் தன் மனையில் நிகழட்டும் என அவன் தாயிடம் சொன்னாலென்ன என ஏங்குகிறாள்.

இம்மூன்று செய்யுள்களையும் ஒருங்கே நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படுகிறது. உடன்போக்கு தந்தை மனையிலே தொடங்கித் தலைவன் மனையிலே முடிகிறது. சடங்கு எந்த மனையில் என்பதே பின்னர் எழும் வழக்கு. மூன்றாவதான ஓர் இல்லத்தைப் புலவர் எவரும் காதலர்க்கு அமைத்துத் தரவில்லை. பிற்காலத்துத் திருக்கோவையாரில் தலைவன் வழிமுடிவிலே தில்லை நகரைக் காட்டும்போது, சென்றுசேரும் இடமே சிறப்புறுகிறது; இடைவழியின் தனித்தன்மை மங்குகிறது.

ஆகவே, உடன்போக்குப் பாடல்கள் காட்டும் உரிமை உண்மையானதே. ஆனால் அது வழியளவில் நின்ற உரிமை. எந்த மனையின் ஆணைக்கும் உட்படாது அவள் நடந்த நிலம், எவரும் நிலையாகத் தங்கி இல்லறம் நடத்தவியலாத நிலமாகவே இருந்தது. அவ்விடத்தைத் தேர்ந்த புலவர் தம் சமுதாயத்தை நன்கறிந்தே தேர்ந்தனர். அப்பாடல்களைப் பெருமையுடன் எடுத்துக்காட்டும் நாமும் அத்தேர்வை மறத்தலாகாது.