காத்திருக்கும் தலைவியும் கண்ணி வைக்கும் சிங்கனும்: பெத்லகேம் குறவஞ்சியில் சீடத்துவம்

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) 1800இல் இயற்றியதாக அறியப்படும் பெத்லகேம் குறவஞ்சியைப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் தலைவி தேவமோகினியையே மையமாகக் கொண்டுள்ளன. பெத்லகேம் நாதராகிய கிறித்துவின்மீது காதல் கொள்ளும் சீயோன் மகளாக, அதாவது திருச்சபையாக, அவள் உருவகிக்கப்படுகிறாள். மணவாளனின் வருகைக்காக ஏங்கும் மணமகள் என்னும் விவிலியப் படிமமும் குறவஞ்சித் தலைவியின் காதல் துயரும் இயல்பாகப் பொருந்துவதால், நூலின் இறையியல் பொருள் முழுவதும் அவளிடமே தங்கிவிட்டதென முடிவு செய்வது எளிது. சிங்கன், நூவன் பகுதி சுவைக்காகச் சேர்ந்தது என்றும், மரபை நிறைவு செய்வதற்காக அமைந்தது என்றும் சில வரிகளில் கடந்து செல்லப்படுகிறது. இக்கடத்தல் பொருத்தமற்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து. கிறித்துவின் மறுவருகைக்கு ஆயத்தமாதல் என்னும் சீடத்துவ ஒழுக்கம் இந்நூலில் தலைவியைவிடக் குறவர் பகுதியிலேயே வலுவாக இடம்பெறுகிறது.

தலைவியின் நிலையை முதலில் நோக்கலாம். உலாவில் தலைவனைக் கண்டு மயங்குதல், நிலவையும் தென்றலையும் பழித்தல், தோழியைத் தூதனுப்புதல் என்பன குறவஞ்சித் தலைவிக்குரிய செயல்கள். அகப்பொருள் நோக்கில் இவை நெய்தலின் இரங்கலுக்கு நெருக்கமானவை. முல்லையின் இருத்தலுக்கு உரியவையல்ல. இருத்தல் என்பது வெறுமனே காத்திருப்பதன்று. வருவேன் என்று சொல்லிச் சென்றவனின் சொல்லை நம்பி, துயரை ஆற்றிக்கொண்டு, இல்லறக் கடமை வழுவாது நிற்பது அது.

மறுவருகை குறித்து விவிலியம் கேட்பது இவ்விரண்டில் எதை? ஒலிவ மலையில் சீடர் எழுப்பிய வினாவுக்கு விடையாக அமையும் மத்தேயு 25ஆம் அதிகாரம் பத்துக் கன்னியர் உவமையோடு தொடங்குகிறது. மணவாளன் வரத் தாமதிக்கிறான், பத்துப்பேரும் உறங்கிவிடுகின்றனர். மறையுரைகளில் அதிகம் வலியுறுத்தப்படாத செய்தி இது. புத்தியுள்ளோரும் புத்தியற்றோரும் உறக்கத்தில் வேறுபடவில்லை, ஏக்கத்திலும் வேறுபட்டதாகச் சொல்லப்படவில்லை. தீவட்டியுடன் எடுத்துச்சென்ற எண்ணெயே வேறுபாடு. அதாவது தாமதத்தை முன்கணித்துச் செய்த ஆயத்தம். இது இருத்தலின் பாற்படும். நிலவைப் பழிக்கும் தலைவியிடம் காதல் உண்டு. எண்ணெய் உண்டா என்பதைக் குறவஞ்சி வடிவம் கேட்பதில்லை.

சாஸ்திரியார் இக்குறையை உணர்ந்து செயல்பட்டார் என்று நிறுவ என்னிடம் சான்றில்லை. ஆனால் அவர் தேர்ந்த வடிவம் அதற்கு ஒரு விடையை ஏற்கனவே கொண்டிருந்தது. திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியில் காண்பதுபோல, குறத்தி குறிசொல்லிப் பரிசு பெற்றபின் தலைவி அரங்கிலிருந்து விலகுகிறாள். தலைவனோடு அவள் கூடுவது முன்னுரைக்கப்படுகிறதேயன்றி நிகழ்த்திக் காட்டப்படுவதில்லை. இதனைக் கதையமைப்பின் தளர்ச்சி என்று குறை கூறுவதுண்டு. கிறித்தவப் பொருளை ஏற்கும்போது இதே தளர்ச்சி இறையியல் துல்லியமாகிறது: வாக்கு அருளப்பட்டுவிட்டது, நிறைவு இன்னும் வரவில்லை. பெத்லகேம் குறவஞ்சியில் குறிசொல்பவள் விசுவாசம் என்னும் குறத்தி என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். காணாததை உறுதியாகச் சொல்லும் தொழில் அவளுடையது.

வாக்குக்கும் நிறைவுக்கும் இடைப்பட்ட அந்தக் காலத்தை அரங்கில் நிரப்புபவர்கள் குறவர்களே. சிங்கன் ஞானச்சிங்கனாகிறான், நூவன் அவனுக்குத் துணைநிற்கிறான், பறவைகளுக்குக் கண்ணி வைத்தல் ஆன்மாக்களைச் சேர்க்கும் நற்செய்திப் பணியாகிறது. மத்தேயுவிலும் கன்னியர் உவமையை அடுத்து உடனே வருவது தாலந்து உவமை. ஐந்து, இரண்டு, ஒன்று எனத் தாலந்துகளைப் பெற்ற ஊழியருள், தலைவன் திரும்பும்வரை உழைத்துப் பெருக்கியவர் பாராட்டப்பெறுகின்றனர். பெற்றதைப் புதைத்துப் பாதுகாத்தவன் தள்ளப்படுகிறான். காத்திருத்தலும் உழைத்தலும் அங்கே அடுத்தடுத்த உவமைகளாக நிற்பது போலவே இங்கே ஒரே நாடகத்தின் இரு பாதிகளாக நிற்கின்றன. இரண்டாம் பாதியை நீக்கிப் படித்தால் எஞ்சுவது மணமகளின் ஏக்கம் மட்டுமே.

இந்த உழைப்பு சாஸ்திரியாருக்குக் கேள்விச் செய்தியன்று. 1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய சீர்திருத்தச் சபைப் பணி ஊர் ஊராக நடந்த உபதேசியார்களையே பெரிதும் சார்ந்திருந்தது. 1798இல் மறைந்த சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து தஞ்சையில் ஆசிரியராகப் பணியாற்றிய கவிஞர் அவர்களோடு பழகியவர். அலைந்து திரிந்து கண்ணி வைக்கும் சிங்கனிடம் அவ்வாழ்வின் சாயலைக் காண்பது மிகையாகாது. இந்நூலை இந்திரா விஸ்வநாதன் பீட்டர்சன் தஞ்சையின் பண்பாட்டுச் சூழலில் வைத்து ஆராய்ந்திருப்பது இத்தகைய வாசிப்புக்கு வழி திறந்துவிடுகிறது.

ஆயினும் இவ்வாசிப்பை வசதியான இடத்தில் நிறுத்திக்கொள்ள இயலவில்லை. சமூக அடுக்கில் தாழ்வாகக் கருதப்பட்ட குறவரைச் சீடத்துவத்தின் உருவகமாக்கிய அதே கவிஞர், 1820களில் இளைய மிசனரிமார் திருச்சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்க முயன்றபோது அவர்களை எதிர்த்தார். உருவகத்தில் குறவருக்குக் கிடைத்த இடமும் சபைக்குள் தாழ்த்தப்பட்டோருக்குக் கிடைத்த இடமும் ஒன்றல்ல. இதனைத் தனிமனித முரண் என்று ஒதுக்கிவிடலாம். வடிவத்தின் எல்லையும் இதில் உண்டென்று எனக்குத் தோன்றுகிறது. சிற்றிலக்கியக் குறவர் தலைவனின் புகழுக்கு வளம் சேர்ப்பவர்கள். தமக்கென ஒரு வழக்கைத் தலைவன்முன் வைப்பது அவர்கள் பாத்திரத்தில் இல்லை.

மத்தேயு 25ஆம் அதிகாரமோ இரண்டு உவமைகளோடு நிற்பதில்லை. மூன்றாவதாகச் செம்மறியாடுகளும் வெள்ளாடுகளும் பிரிக்கப்படும் நியாயத்தீர்ப்பு வருகிறது. அங்கே சோதிக்கப்படுவது ஏக்கமுமன்று, ஈட்டிய தாலந்துமன்று. பசித்தவர், அந்நியர், சிறையிலிருந்தோர் ஆகிய மிகச் சிறியோருக்குச் செய்ததும் செய்யாததும் மட்டுமே. குறவஞ்சியில் இதற்கு இயல்பான இடமில்லை. குறவஞ்சித் தலைவன் உலாவில் எல்லாரும் கண்டு மயங்கும்படி வருகிறான். மூன்றாம் பகுதியில் பேசப்படும் தலைவனோ ஏற்கனவே வந்துபோனவன். இரு சாராரும் அவனை அடையாளம் காணவில்லை.