இடிபாடு, இயற்கை, பாரம்பரியம்: ஒரு பயணத் திட்டத்தை வாசித்தல்

மாயா நாட்டுக்கு ஆள் கூட்டிப்போகிற பயண நிறுவனங்களின் நிகழ்ச்சி நிரல்களை வரிசையாக வைத்துப் படித்தால் ஒன்று புலப்படும். நிறுவனம் எதுவானாலும், எட்டு நாளோ பதினைந்து நாளோ, கதை கிட்டத்தட்ட ஒன்றுதான். கான்கூன் விமான நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். முதலில் சிச்சென் இட்சாவின் படிக்கட்டுப் பிரமிடு. மத்தியானம் செனோத்தே எனப்படும் சுண்ணாம்புப்பாறைக் கிணற்றில் குளியல். பிறகு மெரிடா நகரத்தில் ஸ்பானியர் கட்டிய மாளிகைகள். அப்புறம் ஊஷ்மால், பலென்கே. சியாபாஸ் மலைமேல் சான் கிறிஸ்டோபல். எல்லை தாண்டினால் குவாத்தமாலாவில் அந்திகுவா நகரமும் அதித்லான் ஏரியும், கடைசியில் காட்டுக்குள் திக்கால். எல்லாவற்றையும் மூன்று தலைப்புகளில் அடக்கிவிடலாம்: மாயா இடிபாடுகள், இயற்கை, காலனியப் பாரம்பரியம்.

சரி, இதில் மாயாக்கள் எங்கே? முதல் தலைப்பில் இருக்கிறார்கள், செத்துப்போனவர்களாக. இரண்டாவதில் மரமும் குரங்கும் இருக்கின்றன. மூன்றாவதில் ஸ்பானியர் இருக்கிறார்கள். இன்று அந்த மண்ணில் உழுது, பேசி, வழக்குப் போட்டு வாழ்கிற மாயாவுக்கு இந்தப் பகுப்பில் இடம் கிடையாது. சுமை தூக்குபவராக, துணி விற்பவராக, வழிகாட்டியாகத் தலைப்புகளுக்கு இடையில் அவர் நிற்கலாம். இந்தப் பகுப்பு எப்படி உண்டானது, அது எதையெல்லாம் பேசவிடாமல் தடுக்கிறது என்பதே என் கேள்வி.

நான் அங்கே போனதில்லை. போகாதவனுக்கு இதில் பேச என்ன இருக்குன்னு கேட்கலாம். பயணத்துக்கு முன்பே எழுதி முடிக்கப்பட்ட ஒரு பிரதியைத்தான் நான் வாசிக்கிறேன். பணம் கட்டிப் போகிறவரும் அதே பிரதியைத்தான் நடந்து நடந்து படிக்கிறார்.

முதலில் இந்தப் பிரதியின் வினைச்சொற்களைக் கவனிக்க வேண்டும். மாயாக்கள் கட்டினார்கள், கணித்தார்கள், பலியிட்டார்கள், மறைந்தார்கள். எல்லாம் இறந்தகாலம். குவாத்தமாலாவின் 2018 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 41.7 விழுக்காட்டினர் தங்களை மாயா என்று பதிவு செய்திருக்கிறார்கள். ஏறத்தாழ அறுபது லட்சம் பேர். மெக்சிகோவிலும் பெலீஸிலும் இருப்பவர்கள் தனி. யொஹான்னஸ் ஃபேபியன் 1983இல் வெளியிட்ட ‘காலமும் மற்றமையும்’ என்ற நூலில், மானிடவியல் தான் ஆராய்கிற மக்களைத் தன் சமகாலத்தவராக ஏற்க மறுக்கிறது என்று வாதிட்டார். மானிடவியல் துறை அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டத் தொடங்கி நாற்பதாண்டுகள் ஆகின்றன. சுற்றுலா அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

‘மறைந்துபோன நாகரிகம்’ என்பது இந்தக் கதையாடலின் அச்சாணி. ஒன்பதாம் நூற்றாண்டில் தென் சமவெளி நகரங்கள் பல கைவிடப்பட்டன என்பது உண்மை. நகரம் கைவிடப்படுவது வேறு, மக்கள் மறைவது வேறு. வடக்கே நகரங்கள் தொடர்ந்தன. கடைசி மாயா அரசு, இட்சா மக்களுடையது, ஸ்பானியரிடம் வீழ்ந்தது 1697இல்தான். அதன் தலைநகரான நொஹ்பெத்தேன் ஓர் ஏரித்தீவு. இன்று அதன் பெயர் ஃப்ளோரெஸ். திக்கால் பார்க்கப் போகிற பயணிகளில் பெரும்பாலோர் இரவு தங்குவது இந்த ஊரிலும் இதைச் சுற்றியும்தான். மறைந்துபோன மக்களின் கடைசித் தலைநகரத்தின் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டு, காலையில் எழுந்து அவர்கள் மறைந்த மர்மத்தைப் பார்க்கக் கிளம்புகிறார்கள்.

மர்மம் என்ற சொல் சும்மா வரவில்லை. வாரிசு இல்லாத சொத்தைத்தான் எளிதாக எடுத்துக்கொள்ள முடியும். 1839இல் ஹோண்டுராசின் கோப்பானுக்குப் போன அமெரிக்கர் ஜான் லாய்ட் ஸ்டீபன்ஸ், அந்த இடிநகரத்தை ஐம்பது டாலருக்கு வாங்கினார். இவற்றைக் கட்டியவர்கள் எகிப்தியரோ வேறு யாரோ அல்ல, இங்குள்ள மக்களின் முன்னோர்களே என்று அந்தக் காலத்திலேயே எழுதிய நேர்மையாளரும் அவர்தான். ஆனால் விலை பேசியது அந்த வாரிசுகளிடம் அல்ல, நிலத்தைக் கையில் வைத்திருந்த ஒருவரிடம். இதற்குப் பிறகு வந்த எட்வர்ட் தாம்ஸன் என்கிற அமெரிக்கத் தூதரக அதிகாரி, சிச்சென் இட்சா அடங்கிய பண்ணையையே வாங்கிப்போட்டார். 1904 முதல் அங்குள்ள புனிதக் கிணற்றைத் தூர்வாரி, கிடைத்த பொன்னையும் பச்சைக்கல்லையும் ஹார்வார்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். அந்த நிலம் பிறகு பார்பச்சானோ என்ற சுற்றுலாத் தொழில் குடும்பத்தின் கைக்குப் போயிற்று. கட்டடங்கள் அரசுடையவை, அவை நிற்கிற மண் தனியாருடையது என்ற விநோத நிலை 2010 வரை நீடித்தது. அந்த ஆண்டில்தான் யுகடான் மாநில அரசு 22 கோடி பெசோ கொடுத்து மண்ணை வாங்கியது. ‘மனிதகுலத்தின் பொதுச்சொத்து’ என்று யுனெஸ்கோ 1988இல் அறிவித்துவிட்ட இடத்துக்கு இருபத்திரண்டு ஆண்டு கழித்தும் பட்டாதாரர் ஒருவர் இருந்தார். பண்ணைக்காரர், தூதரக அதிகாரி, ஓட்டல்காரர், மாநில அரசு என்று கைமாறிய இந்தப் பத்திரங்களில் பக்கத்து ஊர் மாயாக்கள் ஒரு தரப்பாகக்கூட வரவில்லை.

எழுத்தின் கதையும் இதேதான். 1562 ஜூலை 12 அன்று மானி என்ற ஊரில் பாதிரியார் தியேகோ தெ லாந்தா மாயா நூல்களையும் தெய்வ உருவங்களையும் தீயிட்டார். இன்று உலகில் மிஞ்சியிருக்கும் பழைய மாயா நூல்கள் நான்கே நான்கு. அதே லாந்தா பிறகு எழுதிய குறிப்புகளில் மாயா எழுத்துகளின் ஒலிகளைத் தப்பும் தவறுமாகப் பதிவு செய்தார். அதை வைத்துக்கொண்டுதான் சோவியத் அறிஞர் யூரி க்னோரசொவ் 1952இல் எழுத்தைப் படிக்கும் வழியைத் திறந்தார். எரித்தவர் கையிலிருந்தே சாவியை வாங்க வேண்டியிருந்தது. பயணத் திட்டம் இந்தத் தீயைச் சொல்லாமல் விடுவதில்லை, சொல்கிறது. ஒரு பாதிரியாரின் மதவெறியாகச் சொல்லிவிட்டு அடுத்த தேவாலயத்துக்குக் கூட்டிப்போகிறது. அந்தத் தேவாலயம் எதன்மேல் நிற்கிறது என்பதைத்தான் அது ‘பாரம்பரியம்’ என்ற சொல்லால் மூடுகிறது.

அதற்குப் போவதற்கு முன் இயற்கையைப் பார்த்துவிடுவோம். திக்காலைச் சுற்றியுள்ள பெத்தேன் காடு ‘மனிதக் கால் படாத’ கன்னிக்காடாக விற்கப்படுகிறது. விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி, இலைகளுக்கு அடியில் உள்ள தரையை அளந்த ஆய்வு 2018இல் வெளியானது. சுமார் 2,100 சதுர கிலோமீட்டர் பரப்பில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுமானங்கள் தெரிந்தன: வீடுகள், சாலைகள், படிவரப்புகள், சதுப்பில் வெட்டிய வாய்க்கால்கள். கன்னிக்காடு என்று நாம் பார்ப்பது ஒரு காலத்தில் வயலும் தெருவும். காட்டை வெட்டிச் சுட்டு, மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் சேர்த்து விதைத்து, பிறகு மரம் எழும்ப விட்டுவிடும் மில்ப்பா விவசாயம் இன்றும் நடக்கிறது. அதைச் செய்கிறவர் காட்டை அழிப்பவராகப் பேசப்படுகிறார். அதே காட்டைப் பார்க்க வருகிறவர் இயற்கை ஆர்வலராகிறார்.

இயற்கையை விற்பவர்களே அதை என்ன செய்கிறார்கள் என்பதற்கு ‘மாயா ரயில்’ போதும். யுகடான் தீபகற்பத்தைச் சுற்றி 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் இந்தப் பாதையின் முதல் பகுதி 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. நடத்துவது ராணுவம். 2019 இறுதியில் பழங்குடி மக்களிடம் கருத்துக் கேட்டதாக அரசு சொன்னபோது, அந்தக் கேட்பு சர்வதேச நெறிகளின்படி நடக்கவில்லை என்று மெக்சிகோவிலுள்ள ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொல்லிவிட்டது. கான்கூனுக்குத் தெற்கே நிலத்தடிக் குகைகளுக்குள் இரும்புத் தூண்கள் இறக்கப்பட்டன. பெயர் மட்டும் மாயா.

இப்போது மூன்றாவது தலைப்பு. மெரிடா நகரம் 1542இல், தீஹோ என்ற மாயா நகரத்தின் மேல் நிறுவப்பட்டது. அதன் கோயில்களை உடைத்த கல்லில்தான் பேராலயம் எழும்பியது. எதிரில், நகரத்தை நிறுவிய மொந்தேஹோ குடும்பத்தின் மாளிகை. அதன் முகப்பில் ஆயுதம் தாங்கிய ஸ்பானிய வீரர்கள் நிற்கிறார்கள், காலடியில் மனிதத் தலைகள். கட்டடம் ஒளிக்கவே இல்லை, வெளிப்படையாகத்தான் சொல்கிறது. ஒளிப்பது அதை ‘கலைநயம் மிக்க முகப்பு’ என்று மொழிபெயர்க்கிற சொல்லாடல். நகரத்துக்கு வெளியே உள்ள கற்றாழை நார்ப் பண்ணைகளில் மாயாக்கள் கடனுக்குக் கட்டுண்ட அடிமைகளாக உழைத்ததை ஜான் கென்னத் டர்னர் 1910இல் நூலாகவே எழுதினார். அந்தப் பண்ணை வீடுகளில் பல இன்று நீச்சல்குளம் வைத்த விடுதிகள்.

இந்தப் பாரம்பரியத்துக்கு எதிராக மாயாக்கள் எழவில்லையா? எழுந்தார்கள். 1847இல் தொடங்கி 1901 வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் போரிட்டார்கள். சான் சாந்தா குரூஸ் என்ற தலைநகரம் வைத்து, பேசும் சிலுவையை வழிபட்டுத் தனி அரசே நடத்தினார்கள். பிடிபட்டவர்களைக் கியூபாவுக்கு அடிமைகளாக விற்றார்கள் யுகடான் ஆட்சியாளர்கள். வரலாற்றில் இதன் பெயர் ‘சாதிப் போர்’. இந்தப் பெயரிடத்தில் தமிழ் வாசகர் நின்று போக வேண்டும். ‘காஸ்தா’ என்ற ஒரே சொல்லைத்தான் ஐபீரியர்கள் இரண்டு கரைகளுக்கும் ஏற்றிப்போனார்கள். போர்ச்சுகீசியர் அதை நம்முடைய சாதிக்குப் போட்டார்கள். ஸ்பானியர் அமெரிக்காவில் இரத்தக் கலப்பின் படிநிலைக்குப் போட்டார்கள். நில அபகரிப்பு, வரி, தேவாலயக் கட்டணம், கடனடிமை ஆகியவற்றுக்கு எதிரான ஒரு விவசாயிகள் எழுச்சியை ‘சாதிப் போர்’ என்று அழைத்ததன் மூலம், வெள்ளைத்தோலைக் கண்டாலே வெட்டுகிற காட்டுமிராண்டிகளின் வெறியாக அதைக் காட்ட முடிந்தது. ஒடுக்கப்பட்டவன் திருப்பி அடித்த பிறகுதான் சாதி என்கிற பேச்சையே ஆண்டவர்கள் எடுக்கிறார்கள். இதை நம் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. சிச்சென் இட்சாவுக்கு ஒரு முழுநாள் ஒதுக்குகிற நிரல்களில் இந்த ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்கு ஒரு மணிநேரம் கிடைப்பது அபூர்வம்.

சான் கிறிஸ்டோபலும் அப்படித்தான். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பழங்குடியினர் நடைபாதையில் ஏறி நடக்க முடியாதிருந்த அழகிய காலனிய நகரம் அது. கொலம்பஸ் வந்த ஐந்நூறாவது ஆண்டு நாளில், 1992 அக்டோபர் 12 அன்று, ஊர்வலமாக வந்த பழங்குடியினர் நகரத்தை நிறுவிய மசாரியேகோசின் சிலையைக் கயிறு கட்டிச் சாய்த்தார்கள். 1994 ஜனவரி 1 அன்று ஸபதிஸ்தாக்கள் நகரத்தையே பிடித்தார்கள். அதித்லான் ஏரிக்கரையின் சந்தியாகோ அதித்லானில் 1990 டிசம்பரில் ராணுவம் நிராயுதபாணிகளான மக்கள்மேல் சுட்டதில் ஒரு டஜனுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஊரே திரண்டு ராணுவ முகாமை வெளியேற்றியது. குவாத்தமாலா உள்நாட்டுப் போரில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள் என்றும், அடையாளம் தெரிந்தவர்களில் 83 விழுக்காடு மாயாக்கள் என்றும் 1999இல் உண்மை அறியும் ஆணையம் சொன்னது. ஒன்பதாம் நூற்றாண்டின் ‘வீழ்ச்சி’யைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிற பிரதி, 1980களின் இனக்கொலையை ஏரியின் நீலத்தில் கரைத்துவிடுகிறது.

இவ்வளவும் வெறும் சொல் விவகாரம்தானே என்று யாராவது கேட்டால், நான் சிங்குல்திக்கைக் காட்டுவேன். சியாபாசில் ஏரிகளுக்கு நடுவே உள்ள சிறிய மாயா இடிநகரம் அது. 2008இல் அக்கம்பக்கத்துப் பழங்குடி விவசாயிகள் அதன் நுழைவாயிலைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டு, தாங்களே சீட்டுக் கொடுத்து நடத்தினார்கள். அக்டோபர் 3 அன்று போலீஸ் புகுந்தது. ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். பெலீஸில் இன்னொன்று. தெற்கு மாவட்ட மாயாக்களின் நில உரிமையைக் கரீபிய நீதிமன்றம் 2015 ஏப்ரலில் உறுதி செய்தது. இரண்டே மாதம் கழித்து, ஊஷ்பெங்கா இடிபாட்டின்மேல் வீடு கட்டிய ஒருவரைத் தடுத்துப் பிடித்து வைத்த சாந்தா குரூஸ் கிராமத்து மக்களும் அவர்களுடைய பேச்சாளரும் கைது செய்யப்பட்டார்கள். முன்னோர் கட்டியதை முன்னோர் கட்டியதாக நினைத்து நடந்துகொண்டதுதான் இரண்டு இடத்திலும் நடந்தது. சீட்டுக் கொடுக்கிற சன்னலுக்கு அந்தப் பக்கம் மாயா உட்கார்ந்தால் அரசுக்குப் பொறுக்கவில்லை.

அப்ப யாருமே போகக் கூடாதா? அப்படிச் சொல்கிற தூய்மைவாதத்தில் எனக்கு ஈடுபாடில்லை. சுற்றுலாவில் பிழைக்கிற மாயாக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். சிச்சென் இட்சாவுக்குள் துணி விரித்து மரப்பொம்மை விற்கிற பிஸ்தே ஊர்க்காரர்களை அதிகாரிகள் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்றார்கள். கெட்சில் காஸ்தஞ்யேதா 1996இல் எழுதிய நூலில் இந்த மோதலை விரிவாக ஆராய்கிறார். பயணி எரிச்சலோடு கடந்துபோகிற அந்த வியாபாரி, நிரல் மறுத்த இடத்தை உடம்பால் பிடித்து வைத்திருக்கிறவர். ‘இந்த இடம் எங்களுடையது’ என்பதை அவர் வேறு எப்படிச் சொல்வார்?

மாற்று இல்லாமலும் இல்லை. குவாத்தமாலாவில் 1980களின் இறுதியிலிருந்து மாயா மொழி பேசுகிற ஆசிரியர்களும் மொழியியலாளர்களும் கல்வெட்டு அறிஞர்களோடு பட்டறைகளில் உட்கார்ந்து, தங்கள் பாட்டன்மார் எழுத்தைத் தாங்களே படிக்கக் கற்றார்கள். 1995இல் கையெழுத்தான பழங்குடி உரிமை உடன்படிக்கை, தொல்லியல் மதிப்புள்ள வழிபாட்டு மையங்களின் நிர்வாகத்தில் மாயாக்களுக்குப் பங்கு உண்டு என்று ஏற்றது. காகிதத்தில் ஏற்றதை மண்ணில் கேட்கிற போராட்டம்தான் சிங்குல்திக்கிலும் ஊஷ்பெங்காவிலும் வெவ்வேறு எல்லைகளுக்குள் நடந்தது.

எழுதுகிறவர்களும் இயக்கங்களில் இருப்பவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாயாக்களைப் பற்றி எதைப் படித்தாலும் வினைச்சொல்லின் காலத்தைப் பாருங்கள். நிலப்பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, சீட்டுப்பணம் யார் பைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் பிரமிடின் படிக்கட்டை மட்டும் எண்ணிக்காட்டுகிற எழுத்து, எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், சிங்குல்திக் வாசலில் சுட்டவர்களின் பக்கம்தான் நிற்கிறது.