முத்திரையைக் கேட்கும் காது

ஆம்ப்ளிபயரில் ஒரு வால்வைப் பிடுங்கிவிட்டு இன்னொன்றைச் செருகி, 'இப்ப குரல் முன்னால வந்துடுச்சு பாரு' என்று பரவசப்படுகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் தோழர்களிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். பணக்காரன் பொழுதுபோக்குப்பா, விடு என்பது ஒன்று. சரக்கு மாயை என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுவது மற்றது. இரண்டுமே சோம்பேறித்தனமான வாசிப்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

முதலில் பொருளைப் பார்ப்போம். சூடேறிய கேதோடு எலக்ட்ரான்களை உமிழ்கிறது. நடுவிலுள்ள கிரிட் என்னும் மெல்லிய கம்பிச்சுருள் அந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. அமெரிக்கர்கள் 12ஏஎக்ஸ்7 என்றும் ஐரோப்பியர்கள் ஈசிசி83 என்றும் அழைக்கும் வால்வின் பெருக்கக் காரணி 100. அதே கால் அமைப்புள்ள ஈசிசி82க்கு இது 20 அளவில்தான். ஒன்றின் இடத்தில் மற்றதைச் செருகினால் ஒலி மாறத்தான் செய்யும். இதில் மாயை ஏதுமில்லை. ஒரே வகைக்குள்ளும் தேய்ந்தது, இரைவது, தட்டினால் கணீரென்பது என்று உண்டு.

ஆனால் நல்ல நிலையிலுள்ள இரண்டு ஈசிசி83களுக்கு இடையே? எதிர்ப் பின்னூட்டம் நிறைய உள்ள மின்சுற்றில் வேறுபாடு பெருமளவு அமுங்கிப்போகும். பின்னூட்டம் இல்லாத சுற்றில் கூடுதலாகத் தெரியும். ஆக, கண்ணாடிக்குள் அடைத்துவைத்த 'மல்லார்ட் ஒலி' என்று தனியாக ஒன்று கிடையாது. சுற்றோடு அது கொள்ளும் உறவில்தான் ஒலி பிறக்கிறது. தவிர, சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதை 'நல்ல ஒலி' என்று எடுத்துக்கொள்ளும். ஒலி அளவைச் சமன்செய்யாமலும், செருகியது எது என்பதை மறைக்காமலும் செய்கிற ஒப்பீட்டில் காது மட்டுமா கேட்கிறது? கண்ணும் கேட்கிறது, கொடுத்த காசும் கேட்கிறது.

இசையின் மாயைத் தன்மை பற்றி 1938இல் எழுதிய கட்டுரையில் அடோர்னோ, கருவியில் மூழ்கிப்போன வானொலி ஆர்வலனைக் கேலி செய்கிறார். எதைக் கேட்கிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பதெல்லாம் அவனுக்குப் பொருட்டில்லை; கேட்க முடிகிறது என்பதே போதும் என்கிறார். வால்வு மாற்றுகிறவருக்கு இந்தக் கேலி பாதிதான் பொருந்தும். இவருக்கு 'எப்படி' என்பதுதான் எல்லாமே.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சரக்கு தன்னைச் செய்த உழைப்பை மறைக்கிறது என்று மார்க்ஸ் வழியாகப் படித்திருக்கிறோம். இங்கே நுகர்வோர் லென்ஸை வைத்துக்கொண்டு ஆலையைத் தேடுகிறார். பிலிப்ஸ் குழும வால்வுகளின் கண்ணாடியில் சின்னதாக ஒரு குறி இருக்கும். 'பி' என்றால் இங்கிலாந்தின் பிளாக்பர்ன். முக்கோணம் என்றால் நெதர்லாந்தின் ஹீர்லன். ஒரே ஆலையின் சரக்கு பல முத்திரைகளில் விற்கப்பட்டதால், மேலே அச்சிட்ட பெயரை நம்பாமல் இந்தக் குறியைப் படிக்கிறார்கள். முத்திரையைச் சந்தேகிக்கிற நுகர்வோர்! ஆனால் தேடல் ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது. பிளாக்பர்னில் நுண்ணிய பாகங்களைக் கோர்த்துப் பற்றவைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் வாங்கிய கூலி, கண்ணெரிச்சல், உற்பத்தி நின்றபின் அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதெல்லாம் இந்த வாசிப்பில் வருவதேயில்லை. ஊருக்கு விலை இருக்கிறது; கைக்கு இல்லை.

பெயரின் பயணத்தையும் கவனிக்க வேண்டும். புதிய வால்வுகளில் மல்லார்ட், டங்-சால் போன்ற பழைய பெயர்களை ஓர் அமெரிக்க நிறுவனம் அச்சிட்டு விற்கிறது. செய்வதோ ரஷ்யாவின் சரடோவ் ஆலையில். குறிப்பான் இங்கிலாந்துக்காரன், உடம்பு வோல்கா கரையில். 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் வால்வுச் சந்தை பதறிப்போனது, விலை ஏறியது. ஏற்றுமதி பின்னர் தொடர்ந்தது. ஆனால் 'பிரிட்டிஷ் வெதுவெதுப்பு' எங்கிருந்து வருகிறது என்பதைப் பலருக்கும் ஒரு போர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். 1961இல் பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் பிலிப்ஸ் ஒத்துழைப்போடு வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. அந்தப் பெயர் தாங்கிய ஈசிசி83 இன்றும் கைமாறுகிறது; மல்லார்டின் விலையை மட்டும் அது தொடுவதில்லை. தொழில்நுட்பத்தின் ஊற்று ஒன்றே என்றாலும் பெங்களூருக்கு பிளாக்பர்னின் மதிப்பு வருவதில்லை. இந்த இடைவெளியைக் காதால் மட்டும் விளக்கிவிட முடியுமா? காலனியம் காதுக்குள்ளும் குடியிருக்கிறது.

இதனால் அந்தப் பழக்கத்தையே தூக்கியெறியச் சொல்லவில்லை நான். திறக்க முடியாதபடி ஒட்டி மூடிய பொருட்களை நம் தலையில் கட்டுகிற காலத்தில், சாக்கெட்டில் கைவைத்து ஒன்றை மாற்றிப் பார்க்கும் உரிமை சின்ன விஷயமில்லை. பொருளைப் பயன்படுத்துகிறவன் அதன் உள்ளே நுழைகிறான். அதை எள்ளி நகையாடுவது முற்போக்கு ஆகாது. பெயரை மூடிவைத்துவிட்டு, சத்தத்தைச் சமன்செய்து கேளுங்கள். வித்தியாசம் இருந்தால் இருக்கட்டும். பிறகு பெயரைத் திறந்து, செய்தது யார் என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வி இல்லாத ரசனை, நல்ல காது வாய்த்திருந்தாலும், பாதிச் செவிடுதான்.

எழுதுகிறவர்களான நாமும் யோசிக்க வேண்டும். ஒரு கவிதையை அதை எழுதியவர் பெயரை மறைத்துப் படித்துவிட்டு அபிப்பிராயம் சொல்ல நம்மில் எத்தனை பேர் தயார்?