பரதேசியும் புறக்குடியும்: இரட்சணிய யாத்திரிகத்தைச் செங்கற்பட்டிலிருந்து வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவன் இவ்வுலகில் அந்நியன் என்னும் கருத்தே எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்துக்கு (1894) அடித்தளம். அக்காப்பியம் எழுந்த அதே காலத்தில், செங்கற்பட்டு மாவட்டத்தில் குடியிருக்கும் மனைக்குக்கூட உரிமையற்ற பறையர் மக்கள் கிறித்தவத்தை நாடினர். முன்னதில் அந்நியத்தன்மை நம்பிக்கையால் வருகிறது. பின்னதில் அது நம்பிக்கைக்கு முன்பே நிலவுகிறது. இவ்வேறுபாட்டைக் காப்பியத்தின் சொல்லாட்சி, விவிலியத் தமிழின் நிலவுரிமைச் சொற்கள், செங்கற்பட்டின் நில வரலாறு ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: இரட்சணிய யாத்திரிகம், பரதேசி, புறக்குடி, மிராசு, பஞ்சமி நிலம், தலித் கிறித்தவம்.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கியத் திறனாய்வில் இரட்சணிய யாத்திரிகம் பெரும்பாலும் இரு கோணங்களில் பேசப்பட்டுள்ளது. ஒன்று, ஜான் பன்யனின் ஆங்கில மூலத்தோடு ஒப்பிடுவது. மற்றொன்று, கம்பனின் சாயலைக் காண்பது. ‘கிறித்தவக் கம்பர்’ என்ற பட்டம் இரண்டாவது கோணத்தின் செல்வாக்குக்குச் சான்று. இவ்விரண்டும் காப்பியம் எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை விளக்குகின்றன. உலகைத் துறந்து நடக்கும் அந்தப் பயணியாக யாரால் ஆக முடியும் என்ற வினாவோ போதிய அளவு எழுப்பப்படவில்லை. துறப்பதற்கு முதலில் ஓர் இடம் இருந்தாக வேண்டும். இடமே இல்லாதவர் அக்காப்பியத்தை எங்கிருந்து வாசிப்பது என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் சிக்கல். இதற்குச் செங்கற்பட்டு தற்செயலான களம் ஆகாது. 1890களில் நிலமும் கிறித்தவ நம்பிக்கையும் ஒரே வழக்காகப் பிணைந்த மாவட்டம் அது.

பரதேசி, யாத்திரிகன்

பன்யனின் நூல் 1678இல் வெளிவந்தது. அதன் தமிழாக்கங்களுள் மிகப் பழையதாகிய 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பதிப்பு, தலைப்பிலேயே ‘பரதேசி’ என்னும் சொல்லைத் தாங்கி வந்தது. கிருஷ்ணபிள்ளை தம் காப்பியத்துக்கு ‘யாத்திரிகம்’ எனப் பெயரிட்டார். இச்சொல் மாற்றம் நுணுகி நோக்கத்தக்கது.

பரதேசி என்பான் வேற்றுநாட்டான், ஊரற்றவன், இரந்துண்பவன். இன்றைய பேச்சுவழக்கில் அது வசைச்சொல்லாகவே எஞ்சியுள்ளது. யாத்திரிகனுக்கு இவ்விழிவு இல்லை. அவனுக்குப் புறப்பட்ட ஊர் ஒன்று உண்டு. சேரும் தலம் ஒன்று உண்டு. வழியில் அவனுக்குச் சோறிடுவது புண்ணியம். ஆங்கிலச் சொல்லின் வேராகிய இலத்தீன் ‘பெரெக்ரீனுஸ்’ அயல்நாட்டானையே முதலில் குறித்தது; புனிதப் பயணி என்னும் பொருள் பின்னர் ஏறியது. பழைய தமிழாக்கத்தின் தலைப்பு அந்த வேர்ப்பொருளுக்கு அருகில் நிற்கிறது. கிருஷ்ணபிள்ளையின் தலைப்பு மதிப்பேறிய பிற்பொருளைத் தேர்ந்துகொள்கிறது.

இத்தேர்வு கவிஞரின் வாழ்வோடு பொருந்துகிறது. 1827இல் நெல்லைச் சீமையின் கரையிருப்பில், வைணவ நெறி சார்ந்த வேளாளர் குடியில் பிறந்தவர் அவர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். தமிழ்ப் புலமை, குலப்பெருமை, உறவின் அரவணைப்பு ஆகியவற்றோடு வாழ்ந்த ஒருவர் அவற்றை இழக்கத் துணிந்தார். அவ்விழப்பின் வலியைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. சுற்றத்தாரின் அழைப்பைச் செவிகொள்ளாது ஊரைவிட்டு ஓடும் மனிதனைப் பாடுகையில், கவிஞர் தம் நெஞ்சின் வடுவையும் பாடுகிறார் எனக் கொள்ள இடமுண்டு.

ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பகுதிகளாக விரியும் இக்காப்பியத்தின் அமைப்பும் இதனோடு இசைகிறது. கம்பனைக் கற்றுத் தோய்ந்த புலவர்க்கு, ஊர்நீங்கி நடக்கும் நாயகன் என்றதும் காடேகிய இராமனின் சாயல் வந்து சேர்வது இயல்பு. அரசுக்குரியவன் அதனை விடுத்து நடப்பதே காப்பிய மரபு போற்றும் பிரிவு. அவன் பின்னே ஓர் அயோத்தி இருப்பதால்தான் அவன் மரவுரிக்குப் பெருமை வருகிறது. பன்யனோ ஊர் ஊராகச் சென்று பாத்திரங்களுக்கு ஈயம் பற்றவைத்த தொழிலாளி. அரசின் இசைவின்றிப் போதித்தமைக்காகப் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தவர். அவருடைய பயணி கந்தல் உடுத்து, முதுகில் சுமையோடு நிற்கிறான். தமிழ்க் காப்பியத்தில் அக்கந்தல் பெருங்காப்பிய நடையின் பட்டாடைக்குள் மறைகிறது.

முன்பே அந்நியர்

இக்காப்பியம் அச்சேறுவதற்குச் சற்று முன்னர், 1891இல், செங்கற்பட்டு ஆட்சியராகப் பணியாற்றிய ஜே. எச். ஏ. திரமென்ஹீர் அம்மாவட்டப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். படியாளாகக் கட்டுண்டு உழைப்பதும், தீராக் கடனும், நிலம் பெறுவதில் உள்ள தடைகளும் அதில் விரித்துரைக்கப்பட்டன. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30இல் 1010ஆம் எண் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டுப் பின்னர்ப் ‘பஞ்சமி நிலம்’ என வழங்கலான நிலங்களின் வரலாறு இவ்வாணையில் தொடங்குகிறது.

நிலத்தினும் கூர்மையான சிக்கல் மனைக்கட்டு. மிராசு முறை வேரூன்றிய செங்கற்பட்டுப் பகுதியில், சேரி அமைந்த மண்ணின்மீதும் மிராசுதாரர் உரிமை கொண்டாடினர். குடிசை உழைப்பவனுடையது, குடிசை நின்ற மண் அவனுடையதன்று. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலோ, கூலி உயர்த்திக் கேட்டாலோ, வேறு சமயம் தழுவினாலோ குடியிருப்பை விட்டு வெளியேற்றப்படும் அச்சம் இருந்தது. இதனால்தான் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூ போன்றோர்க்கு நற்செய்திப் பணி மனை தேடும் பணியாகவும் ஆனது. சிங்கப்பெருமாள்கோயிலை அடுத்த மெல்ரோசாபுரம் அவ்வாறு எழுந்த கிறித்தவக் குடியேற்றம். ஸ்காட்லாந்து ஊரொன்றின் பெயர் செங்கற்பட்டு மண்ணில் ஒட்டிக்கொண்டது இவ்வாறே.

காப்பியத்தோடு இதனை ஒப்பிடுக. அங்கே நம்பிக்கை கொண்டவன் ஊரை விட்டு ஓடுகிறான். இங்கே நம்பிக்கையை நாடியவர் ஓர் ஊரைத் தேடுகின்றனர். அங்கே உலகம் பற்றினால் பிணிக்கிறது. இங்கே உலகம் பற்றுவதற்கு ஒரு பிடி மண்ணும் தராமல் பிணிக்கிறது. மனை வேண்டி மதம் மாறியவர் என இம்மக்களைப் பழிப்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். இப்பழிப்பின் அடியில், துறவு மட்டுமே தூய நம்பிக்கை என்னும் எடுகோள் ஒளிந்துள்ளது. உடையோர் துறப்பதை ஆன்மிகம் எனவும், இல்லோர் கேட்பதை ஆசை எனவும் பிரிக்கும் அளவுகோல் அது.

புறக்குடி என்னும் சொல்

அவ்வளவுகோல் விவிலியத்திலிருந்து பெறப்பட்டதா? 1871இல் நிறைவுற்ற தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் அந்நியத்தன்மையைச் சுட்டும் மூன்று இடங்கள் இதற்கு விடை தருகின்றன.

முதலாவது, ஆதியாகமம் 23ஆம் அதிகாரம். சாராள் இறந்தபோது ஆபிரகாம் தன்னை அந்நியன், பரதேசி எனக் கூறிக்கொள்கிறான். உலகின் நிலையாமையை உரைப்பதற்காக அவன் அவ்வாறு கூறவில்லை. மனைவியைப் புதைக்கச் சொந்த நிலம் கேட்டே கூறுகிறான். நானூறு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து, ஊரார் முன்னிலையில் கல்லறை நிலத்தை உரிமையாக்கிக்கொள்கிறான். நம்பிக்கையின் தந்தை எனப்படுபவன் விலைகொடுத்துப் பெற்றதாக அங்கு விரித்துரைக்கப்படுவது ஒரு புதைகுழிக்கான நிலம்.

இரண்டாவது, லேவியராகமம் 25ஆம் அதிகாரம். இங்கு மக்கள் பரதேசிகளும் ‘புறக்குடிகளும்’ எனப்படுகின்றனர். நிலத்தை ‘அறுதி’யாக விற்றலாகாது என்ற சட்டத்துக்குக் காரணமாகவே இச்சொற்கள் வருகின்றன. நிலம் இறைவனுடையது; அதில் எல்லாரும் ஒண்டியிருப்பவரே; ஆகவே எவரும் பிறனை நிரந்தரமாக நிலமற்றவனாக்க இயலாது என்பது அதன் கருத்து. அறுதி என்பது இன்றும் கிரயப் பத்திரங்களில் வழங்கும் சொல். புறக்குடி என்பதும் வேளாண் வழக்கின் சொல்லே. உள்குடி, பரகுடி என்று குத்தகையாளரைப் பிரித்தறிந்த மிராசு மண்ணில் வாழ்ந்த வாசகனுக்கு, அச்சொல் ஆன்ம உருவகமாக ஒலிக்கும் முன்பே நில ஆவணமாக ஒலித்திருக்கும். பஞ்சமி நிலத்தைப் பிறருக்கு விற்கவோ மாற்றவோ கூடாதெனப் பின்னர் அமைந்த கட்டுப்பாடும் இவ்வதிகாரத்தின் உள்நோக்கோடு ஒத்துச் செல்கிறது. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது எனக் கூற வேண்டியதில்லை. இரண்டும் விடை தேடிய வினா ஒன்று.

மூன்றாவது, பேதுருவின் முதல் நிருபம். அந்நியர், பரதேசிகள் என அதில் விளிக்கப்படுவோர் விண்ணக நாட்டத்தால் மட்டும் அந்நியரானவர் அல்லர். சிற்றாசியாவில் குடியுரிமையற்று வாழ்ந்த மெய்யான வந்தேறிகள் என ஜான் எச். எலியட் 1981இல் வெளியிட்ட ஆய்வில் வாதிட்டார். இவ்வாதத்தை முழுமையாக ஏற்காத விவிலிய அறிஞரும் உளர். எனினும் சமூக நிலையை விலக்கி அச்சொற்களை வெறும் உருவகமாக வாசிப்பது அதன்பின் எளிதாக இல்லை.

இம்மூன்று இடங்களையும் ஒருங்கே வைத்தால், பரதேசி உணர்வு நிலத்தைக் கைவிடுவதற்கான அறிவுரையாக விவிலியத்தில் நிற்கவில்லை என்பது புலனாகும். நிலமுள்ளவனுக்கு அது எச்சரிக்கை. நிலமற்றவனுக்கு அது வழக்குரை.

கல்லறையும் களமும்

இக்கடற்கரை மற்றோர் அந்நியரையும் அறியும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தார் எழுப்பிய கோட்டைக்குள், சித்திர வேலைப்பாடமைந்த கல்லறைப் பலகைகள் இன்றும் உள்ளன. அவர்களும் கிறித்தவர், சொல்லின் நேர்ப்பொருளில் அந்நியர். ஆயினும் துணிவணிகத்தின் வலிமையால் கோட்டைச் சுவரும், பெயர் பொறித்த கல்லும் அவர்களுக்கு வாய்த்தன. அயல்நாட்டான் மாண்டபின்னும் இடம்பெற்ற மண்ணில், உள்ளூரான் உயிரோடு இருக்கையில் இடமின்றி நின்றான். அந்நியன் என்னும் ஒரு சொல்லால் இவ்விருவரையும் குறிப்பது எத்துணைப் பொருத்தமற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

திருச்சபைக்குள் வந்ததும் இடமின்மை தீர்ந்துவிடவில்லை. 1992இல் வெளிவந்த பாமாவின் கருக்கு, நம்பிக்கையோடு துறவற மடத்தில் சேர்ந்த தலித் பெண் அங்கும் சாதியைக் கண்டு வெளியேறுவதைத் தன்வரலாறாகத் தருகிறது. உலகிலிருந்து மடத்துக்குச் செல்வதே மரபான யாத்திரை. கருக்கு அத்திசையைத் திருப்புகிறது. மடத்திலிருந்து தன் மக்களிடம் மீள்வதே அங்கு நம்பிக்கையின் பயணம். சட்டமும் கைவிட்டது. பட்டியல் சாதியாரை வரையறுக்கும் 1950ஆம் ஆண்டு ஆணை முதலில் இந்துக்களை மட்டும் ஏற்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவர் வெளியிலேயே நிற்கின்றனர்.

1994 அக்டோபர் 10இல், மாமல்லபுரத்தை அடுத்த காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரிச் செங்கற்பட்டில் நடந்த போராட்டத்தின்போது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிரிழந்தனர். ஒரு பெயர் இயேசுவின் சீடரை நினைவூட்டுகிறது. மற்றது வேங்கடத்தை நினைவூட்டுகிறது. 1892 ஆணையின் நிலத்தைக் கேட்டபோது அவ்வேறுபாடு பொருளிழந்தது. இரட்சணிய யாத்திரிகத்தின் நிதானி நகரத்துச் சந்தையில் உயிர்துறந்து விண்ணகம் புகுகிறான். செங்கற்பட்டில் வீழ்ந்தவர்கள் கேட்டதோ இம்மண்ணில் ஓர் உரிமைப் பங்கு. அச்சாவினைத் தியாகம் எனக் கொள்வதற்கு, காப்பியத்தின் இலக்கணம் விரிய வேண்டியுள்ளது.

முடிவுரை

கிருஷ்ணபிள்ளையின் காப்பியத்தைத் தாழ்த்துவது இவ்வாசிப்பின் நோக்கமன்று. உடைமையும் உறவும் நம்பிக்கைக்கு இடறலாகும்போது, அவற்றை விடுத்து நடக்கும் துணிவை அதனினும் விரிவாகப் பாடிய தமிழ்க் கிறித்தவ நூலைக் காண்பது அரிது. இடமுள்ளவர் அதனை வாசித்துத் தம் இடத்தைச் சோதித்துக்கொள்வது தகும். ஆனால் அதனை எல்லாக் கிறித்தவர்க்கும் உரிய ஒற்றை வழிநூலாகக் கொள்ளும்போது, இடம் மறுக்கப்பட்டவரிடம் இல்லாததைத் துறக்கச் சொல்லும் பிழை நேர்கிறது.

மெல்ரோசாபுரத்தில் மனை பெற்றவரும் யாத்திரிகரே. அவர்களுடைய யாத்திரை அழிவின் நகரிலிருந்து வெளியேறுவதில் தொடங்கவில்லை. வெளியேற்ற முடியாத ஒரு வாசற்படியில் தொடங்கியது. தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாறு காப்பியங்களோடு, திரமென்ஹீரின் அறிக்கை, மனைக்கான விண்ணப்பங்கள், பட்டாக்கள் ஆகியவற்றையும் நம்பிக்கையின் பனுவல்களாகச் சேர்த்து வாசிக்கும்போது, பரதேசி என்ற வசைச்சொல் இழந்த பொருளை மீளப்பெறும்.